மணிக்கட்டோடு முடிந்த நிழல்

மனைவியை அடக்கம் செய்த செவ்வாய்க்கிழமை காலையில் கிறிசாந்தோ பல்மோரெஸின் நிழல் தன் இரண்டு கைகளையும் இழந்தது. மணிக்கட்டு வரைக்கும் நிழல் ஒழுங்காக இருந்தது. கறுப்புக் கோட்டின் ஓரம், சட்டையின் பித்தான் எல்லாம் புல்லின் மேல் தெளிவாக விழுந்தன. அதற்கு அப்பால் வெறும் வெயில். நிஜக் கைகள் என்னவோ அவர் போன இடத்திலெல்லாம் கூடவே வந்தன. விரல்கள் மடங்கின, நீண்டன. லாஸ் வேகாஸில் அந்த வாரம் வெயில் நூற்றுப்பத்து டிகிரியைத் தாண்டியது. கல்லறைத் தோட்டத்தின் நீர்த்தெளிப்பான்கள் பழுதாகிக் கிடந்தன. இந்த மூன்றையும் ஊரில் ஒன்றாகச் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிறிசாந்தோ நகரத்தின் பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு கேசினோவில் சீட்டு போடும் டீலராக வேலை பார்த்தவர். இளைஞராக மணிலாவிலிருந்து வந்து அந்தப் பச்சைத் துணி மேசைக்குப் பின்னால் நின்றவர் அங்கேயே நரைத்தார். டீலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேசையை விட்டு விலகும்போது இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, விரல்களை அகல விரித்து, உள்ளங்கையைக் கூரைக் கேமராவுக்குக் காட்டி, பிறகு புறங்கையையும் திருப்பிக் காட்ட வேண்டும். என் வேலை முடிந்தது, நான் இங்கிருந்து எதையும் எடுத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். பல வருஷம் செய்தால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தேவாலயத்தில் நற்கருணை வாங்கிவிட்டுத் தட்டிக் காட்டிய டீலர்களும் பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து எழுந்து தட்டிக் காட்டியவர்களும் இந்த ஊரில் உண்டு. கிறிசாந்தோ சாப்பிட்டு எழும்போதெல்லாம் தட்டுவார். அவர் மனைவி பெர்லிதா கூரையைப் பார்த்துச் சொல்வாள்: "மேல யாரும் இல்லைய்யா. நான்தான் இருக்கேன். தட்டைக் கழுவி வச்சிட்டுப் போ."

பெர்லிதா ஒருநாளும் கேசினோவுக்குள் கால் வைத்ததில்லை. ஜன்னலும் கடிகாரமும் இல்லாத கட்டடத்தில் ஒரு மனிதன் நாள் முழுக்க நிற்பது உடம்புக்கு ஆகாது என்று அவள் உறுதியாக நம்பினாள். ஆகவே அவருக்கு விடுமுறை வரும் செவ்வாய்தோறும் குளிர்ப்பெட்டியில் சோறும் புளிப்பாகச் சமைத்த கோழியும் கட்டிக்கொண்டு, அவரை எழுப்பி வண்டியில் ஏற்றினாள். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் பலமுறை போனார்கள். நகரம் தொடங்கிய ஓடைக்கரையில் இருக்கும் மண்கோட்டை, பெரிய அணை, ஆள் இல்லாத சுரங்க ஊர்கள், ஏரி வற்றும்போது தலைகாட்டும் மூழ்கிய ஊரின் படிக்கட்டுகள். அவளுக்குப் பிடித்தது நெருப்புப் பள்ளத்தாக்கு. அங்கே பழங்குடிகள் ஆட்டையும் வெயிலையும் செதுக்கிவைத்த பாறைகளுக்குச் சற்றுத் தள்ளி, சிவப்புச் சுவர் போல நிற்கும் ஒரு பாறையடியில்தான் அவர்கள் சாப்பிடுவார்கள். ஓட்டில் சிவப்புச் சாயம் ஏற்றிய உப்பு வாத்துமுட்டையை அவர் உருட்டி, ஓட்டை ஒரே சுருளாக உரித்துக் கொடுப்பார். அவள் தூரத்து மலையிலிருந்து பார்வையை எடுக்காமலே கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். அந்த இடத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடக்கத்தன்று பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் குடும்பத்தாரை விலகி நிற்கும்படி சொன்னார்கள். கிறிசாந்தோ பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். ஒருமுறை தட்டினார். விரல்களை விரித்து வானத்துக்குக் காட்டினார், திருப்பிக் காட்டினார், இரண்டடி பின்னால் வந்து நின்றார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் டீலர்கள். அதன் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். கிறிசாந்தோவின் ஒரே மகள், ஹெண்டர்சனில் நர்ஸாக இருக்கும் ஜோவெலின், அப்பாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்கவில்லை. நிழலை முதலில் கவனித்தவர் அவரோடு பக்கத்து மேசையில் வேலை பார்த்த எத்தியோப்பியக்காரர் டெஸ்பாயே.

"அண்ணே, கையை எங்கண்ணே வச்சீங்க?"

"இதோ இருக்கே."

"இது இருக்கு. கீழ பாருங்க."

கிறிசாந்தோ கீழே பார்த்துவிட்டு, "ஆமா," என்றார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

தோல் மருத்துவர் கைகளில் குறையில்லை என்றார். நிழல் காப்பீட்டுக்குள் வராது என்றும் சொல்லி அனுப்பினார். கைகளில் உணர்ச்சி இல்லை என்பதை கிறிசாந்தோ அவரிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை என்பதால். கொதிக்கும் காபிக் கோப்பையும் குளிர்ப்பெட்டிப் பனிக்கட்டியும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. கேசினோவின் கண்காணிப்பு அறைதான் முதலில் முறையிட்டது. சீட்டு எடுக்கும்போது துணியில் நிழல் விழாத கையைத் திரையில் பின்தொடர முடியவில்லையாம். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கேக் வெட்டி, வேலையிலிருந்து விடைகொடுத்து அனுப்பிவைத்தார். கிறிசாந்தோ கேக்கின் முன்னிருந்து விலகும்போதும் தட்டிக் காட்டினார்.

அதன் பிறகு, ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலா நடத்தும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டினார். இடங்களெல்லாம் தெரிந்தவையே. மண்கோட்டையில் சொல்ல வேண்டியதை மண்கோட்டையிலும் அணையில் சொல்ல வேண்டியதை அணையிலும் ஒரே குரலில் சொன்னார். சீட்டாட்டத்தில் தோற்று, கண் கூசி, முந்தாநாளுக்குப் பிறகு முதன்முறையாக வெயிலைப் பார்க்கும் பயணிகளுக்கு அந்தக் குரல் தொந்தரவாக இல்லை. சிலர் அவர் நிழலைப் படமெடுத்தார்கள். பள்ளத்தாக்குக்கும் வாராவாரம் போனார். செதுக்குப் பாறைகளைக் காட்டினார், கழிப்பறையைக் காட்டினார். அந்தச் சிவப்புச் சுவருக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போகவில்லை. அதற்குப் போகும் பாதையில் பாம்பு உண்டு என்று சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோவெலின் வந்தாள். கிறிசாந்தோ பிறந்த தீவுகளில் பெரியவரின் புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வதுதான் வீட்டுக்குள் நுழையும் முறை. அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அதைச் செய்துவந்தவள். அடக்கத்துக்குப் பிறகு செய்யவில்லை. கதவைத் திறந்ததும் கிறிசாந்தோ வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் முன்னால் நீட்டி வைப்பார். அவள் அந்தக் கையில் சாப்பாட்டு டப்பாவை வைப்பாள்.

"சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு."

அவ்வளவுதான் நடக்கும். அடுத்த ஞாயிறும் அவர் கையை நீட்டுவார். இப்படி ஏறக்குறைய நாலு வருஷம் போனது. இடையில் ஏரி இன்னும் இறங்கியது, வீட்டு வாடகை ஏறியது, தெருமுனைக் கடை கைமாறியது. கிறிசாந்தோ வேறெதற்கும் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்குக் காத்திருந்தார்.

நாலாவது குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் காவலர் வெர்னா, சிவப்புச் சுவரில் ஆளில்லாமல் இரண்டு கைநிழல்கள் விழுவதைப் பார்த்தாள். வெயில் மேற்கே சாயத் தொடங்கும்போது வரும், ஒரு சாப்பாட்டு நேரம் இருக்கும், போய்விடும். வெர்னா அந்தப் பக்கத்துப் பழங்குடியான பையூட் இனத்தவள். தன் பெரியப்பாவை அழைத்துவந்து காட்டினாள். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். "நம்ம ஆளுங்க செதுக்கினது செதுக்கின இடத்துல இருக்கும். இது வேலை செய்யுது. நம்மளது இல்ல," என்று சொல்லிவிட்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். வெர்னா அடுத்த முறை வேன் வந்ததும் ஓட்டுநர் ஜன்னலைத் தட்டினாள்.

"உங்க கை எங்ககிட்டதான் இருக்கு. தொலைஞ்ச சாமான் அலமாரியில வைக்க முடியல. வந்து பார்த்துட்டுப் போங்க."

"ஆகட்டும்," என்றார் கிறிசாந்தோ. போகவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் போனவர் டெஸ்பாயே. டீலர்கள் ஒருவரையொருவர் முகத்தைவிடக் கையால்தான் நன்றாக அடையாளம் காண்பார்கள். எத்தனையோ வருஷம் அடுத்த மேசையில் பார்த்தது கைகளைத்தான். இடது சுண்டுவிரல் கிறிசாந்தோவுடையதைப் போலவே கோணலாக இருந்ததைக் கண்டார். அந்த விரல்கள் உருண்டையான ஒன்றை உருட்டுவதையும், அதிலிருந்து ஒரு சுருள் இறங்குவதையும் கண்டார். பாறைமேட்டிலேயே நின்று ஜோவெலினைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மாடி, உங்கப்பா இன்னும் உங்கம்மாவுக்கு முட்டை உரிச்சிக்கிட்டு இருக்காரும்மா. ஒருதரம் வந்து பாரு."

"குடிச்சிருக்கீங்களா மாமா?"

"குடிச்சிருந்தா உன்னையா கூப்பிடுவேன்? வா."

அடுத்த ஞாயிறு ஜோவெலின் டப்பா இல்லாமல் வந்தாள். அப்பாவின் நீட்டிய கை காலியாகவே நின்றது. "வண்டியில ஏறுங்க," என்றாள். கிறிசாந்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு ஏறினார். வழியில் அவள் பாட்டைப் போட்டாள், நிறுத்தினாள். அவர் பழக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் பயணிகளுக்குச் சொல்வதைச் சொல்லத் தொடங்கி, இரண்டு வார்த்தையில் விட்டுவிட்டார். பள்ளத்தாக்கில் இறங்கியதும் அவர், "அந்தப் பக்கம் பாம்பு இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். நடங்க."

நிழல்கள் வந்திருந்தன. இரண்டு கைகள், மணிக்கட்டோடு. அவை முட்டையை உருட்டி, ஓட்டைச் சுற்றி எடுத்து, வலப்பக்கம் நீட்டின. நீட்டும்போது முட்டையின் நிழல் இருந்தது, திரும்பும்போது இல்லை. பிறகு அடுத்ததை எடுத்தன. கிறிசாந்தோ அடியில் இருந்த தட்டைக் கல்லின் இடது ஓரத்தில், பழைய இடத்தில் உட்கார்ந்தார். சுவரில் அவர் உடம்பின் நிழல் விழுந்தது. ஆனால் கைகளோடு வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் இருந்தது. அவர் தன் நிழலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். கைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜோவெலின் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்ப்பா தட்டினீங்க?"

"விலகி நில்லுன்னு சொன்னாங்க."

"அதுக்கு?"

"ஒரு இடத்தை விட்டு எழுந்து வர எனக்கு வேற விதம் தெரியாதும்மா."

அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். மடியில் கிடந்த அவர் வலது கையை, கீழே விழுந்த பொருளை எடுப்பதுபோல் எடுத்து, புறங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். முறைக்கு ஒற்றி எடுப்பார்கள், அவள் எடுக்கவில்லை.

"காய்ச்சலா உனக்கு? சுடுதே," என்றார் கிறிசாந்தோ.

"இல்ல. வெயில்."

"சரி."

வெயில் இறங்கியது, கைநிழல்கள் போயின. எழுந்திருக்கும்போது கிறிசாந்தோ கையைத் தட்டவில்லை. கல்லில் ஊன்றி எழுந்து நடந்தார், அவ்வளவுதான். மற்ற எல்லா இடங்களிலும் அவர் இன்னமும் தட்டிக் காட்டுகிறார்.

நிழல்கள் அவரிடம் திரும்பவில்லை. பள்ளத்தாக்கில் வெர்னா சுவரைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வேன் அங்கே கால்மணி நேரம் நிற்கிறது. பயணிகள் முதலில் படமெடுக்கிறார்கள், பிறகு கொண்டுவந்ததைச் சாப்பிடுகிறார்கள். ஞாயிறு காலையில் ஜோவெலின் வருகிறாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையை எடுக்கிறாள். அந்த நேரத்தில் வெயில் அவர்களுக்குப் பின்னாலிருந்து வண்டிக்கொட்டகைக் கதவின் மேல் விழும். அங்கே அவள் நிழல் குனிந்து, கை நிறைய வெறும் வெளிச்சத்தை ஏந்தி நெற்றியில் ஒற்றிக்கொண்டு நிமிரும். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் கையசைத்துவிட்டு, குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போவார்.