கஞ்சமலை ஏற்றத்தில் எள்ளுருண்டை

கஞ்சமலையில் பாதி தூரம் ஏறியதும், தோழி இர்பானா இரண்டாவது எள்ளுருண்டையையும் தின்று முடித்தாள். அப்போதுதான் சுகன்யாவுக்குத் திக்கென்றது. காலையில் எள்ளும் வெல்லப்பாகும்தான் சேர்த்திருந்தாள். ஆனால் உருண்டை பிடிக்கையில் உள்ளங்கையில் நெய் தடவுவது அவள் பழக்கம். இர்பானாவுக்குப் பால், நெய் எது பட்டாலும் தொண்டை வீங்கிவிடும்.

வீட்டிலிருந்த கணவன் மணிமாறனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“ஏனுங்க, நேத்து வாங்குன நெய் பாட்டில் எவ்வளவு குறைஞ்சிருக்குதுங்க?”

“மூடியே திறக்கலையே. பழசு முந்தாநாளே தீந்துபோச்சு. கடலெண்ணெக் கிண்ணந்தான் கழுவாம கெடக்குது.”

அப்படியானால் கையில் தடவியது கடலை எண்ணெய்தான். சுகன்யா பாறையில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். விஷயத்தைக் கேட்ட இர்பானா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

“நான் எதையும் மோந்து பாக்காம வாயில வெச்சதில்லடி. உன் கடலெண்ணெ வாசம் அடிவாரம் வரைக்கும் அடிக்குது.”

சுகன்யா எள்ளுருண்டை டப்பாவையே அவள் மடியில் வைத்தாள்.