வறுபட்ட ஆய்வு

மசாகாவில் நவம்பர் மாதம் ஆசிரியர் அறை ஃபிரிட்ஜில் ஒரு பை வெட்டுக்கிளியை வைத்துவிட்டு, அது அப்படியே இருக்கும் என்று நம்பிய ஒரே ஆள் பெர்பெத்துவாவாகத்தான் இருப்பாள். பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு மனித சுபாவம் மட்டும் பிடிபடவில்லை. அவளையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அவள் வெட்டுக்கிளிக் குலத்தில் பிறந்தவள். குலச்சின்னத்தை வாயில் வைக்கக் கூடாது. பருவம் வந்தால் வறுத்த வெட்டுக்கிளி வாசனைக்கு ஊரே படும் பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

நாற்பத்து மூன்று வயதில், பள்ளி விடுமுறைதோறும் கம்பாலாவுக்குப் பஸ் ஏறி முதுகலை படிக்கிறாள். பருவத்தின் தொடக்கத்தில் வரும் வெட்டுக்கிளிக்கும் முடிவில் வருவதற்கும் நிறத்திலும் இறக்கை நீளத்திலும் என்ன வித்தியாசம் என்பதுதான் ஆய்வு. தொடக்க வாரத்தை முடித்துவிட்டாள். கடைசி வாரத்துக்கு எண்ணிப் போட்ட இருநூற்றுப் பதினான்கு பூச்சிகள் அந்தப் பையில் இருந்தன. அது போனால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒரு தவணை கொடுத்தாயிற்று. இன்னொன்று கேட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை செய்முறைத் தேர்வை நடத்தி முடித்துவிட்டு அவள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது வெங்காயமும் உப்பும் சேர்ந்து மணந்தது. கணக்கு வாத்தியார் கயீவாவின் விரலெல்லாம் எண்ணெய்.

"வாங்க மேடம்! உங்களுக்குத் தந்தா குலக்குத்தம் ஆயிடும். அதான் உங்க பங்கையும் நானே பாத்துக்கிட்டேன்."

"பையில என் பேரு எழுதியிருந்துச்சே சார்!"

"அதைப் பாத்துத்தான் தைரியமா எடுத்தோம். நீங்க திங்கமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அப்ப எங்களுக்குத்தானே வாங்கி வெச்சிருப்பீங்க?"

பெர்பெத்துவா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என் படிப்பைத் தின்னுட்டீங்க சார்," என்றவள் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். மென்றுகொண்டிருந்த நான்கு வாய்களும் நின்றன.

விஷயம் புரிந்ததும் கயீவாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "இப்பவே சந்தையில வாங்கியாறேன் மேடம்."

"அது எந்த ஊர்ல, என்னைக்குப் பிடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மூக்கைத் துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இறக்கையெல்லாம் எங்க போட்டீங்க?"

இறக்கையோடு எவனும் வறுப்பதில்லையே! காலையும் இறக்கையையும் பிய்த்த பிறகுதான் வாணலி.

"பேப்பர்ல சுருட்டி அடுப்படிக்குப் பின்னாடி..."

அவர் முடிப்பதற்குள் ஓடினாள். செய்தித்தாளை இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. பட்டதாரி ஆசிரியர் கயீவா கோழி துரத்திய அழகைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

சாயங்காலம் வரை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இடுக்கியால் பிரித்தார்கள். பச்சை, பழுப்பு, ஊதா. பூச்சிக்கு இரண்டு முன்னிறக்கை. மொத்தம் நானூற்றுப் பதினாறு தேறியது.

"ரெண்டால வகுத்தா இருநூத்தி எட்டு," என்றார் கயீவா.

"ஆறு குறையுது. கோழி தின்னுடுச்சோ?"

"கோழிமேல பழி போடாதீங்க மேடம். அவசரத்துல ஆறை அப்படியே சட்டியில தள்ளினது நான்தான்."

அழுத கண்ணோடு சிரித்தாள்.

அன்றே அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் அமோங்கியிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வெட்டுக்கிளி தின்னும் வழக்கமில்லாத வடக்கு மாவட்டத்துக்காரியான அந்த அம்மாள் வயிறு வலிக்கச் சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள்:

"ஆமா, உங்க ஊர்ல எல்லாருமே இறக்கையைத் தூக்கித்தானே போடறாங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்புறம் இருநூறு பூச்சியை வெச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டறீங்க? நடந்ததை மறைக்காம எழுதுங்க. ஆறு குறைஞ்சதையும் எழுதுங்க. மிச்ச இறக்கையை ஊர்ல கேட்டு வாங்குங்க."

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பெர்பெத்துவா மேடையேறினாள். "வீட்டுல வெட்டுக்கிளி பிடிச்சீங்கன்னா நல்லாச் சாப்பிடுங்க. எனக்கு இறக்கை மட்டும் போதும். பொட்டலத்துமேல ஊரும் தேதியும் எழுதணும்."

திங்கட்கிழமை அவள் மேசையில் தொண்ணூற்று மூன்று பொட்டலங்கள் கிடந்தன. சோப்பு உறை, நோட்டுத்தாள், வாழையிலை என்று எது கிடைத்ததோ அதில் மடித்து, ஊரும் தேதியும் கோணல்மாணலாக எழுதியிருந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவள். அவளுடைய வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் செய்து கொண்டுவந்தது அன்றைக்குத்தான்.