தலைக்கு எவ்வளவு

நகரம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று அளப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. மனிதர், மரம், ஆறு, சாக்கடை அனைத்தையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டால் ஆறு தானாகச் சுத்தமாகிவிடும் என்பது இயக்குநரின் நம்பிக்கை. அந்த எண்ணைச் சமைத்துத் தருபவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'தசமம்'. புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இல்லாமல் மனிதர் வணக்கம்கூடச் சொல்லமாட்டாராம்.

இந்த ஆண்டு மாதிரிக்கு எடுத்த வீடுகளில் முதலிடம் தசமத்தின் வீட்டுக்கு. தண்ணீர், மின்சாரம், குப்பை எதிலும் தலைக்கு இவ்வளவு குறைவாக ஊரில் யாரும் செலவழிக்கவில்லை.

இயக்குநர் துள்ளினார். "யோவ் தசமம், ஊருக்குத்தான் உபதேசம்னு நெனச்சேன், நீ வீட்லயும் கடைப்பிடிக்கிறியே! வெள்ளிக்கிழமை அறிக்கை வெளியீடு. வீட்டம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு வா, மேடையில நிறுத்திப் படம் எடுத்துடலாம்."

தசமம் தலையை ஆட்டிவைத்தார். மனைவி மனம் கசந்து தன் தங்கை வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. மகளும் பின்னாலேயே போய்விட்டாள். கணக்கெடுக்க வந்தவர் "எத்தனை பேர்?" என்று கேட்டபோது, வாய் பழக்கதோஷத்தில் "மூணு" என்றுவிட்டது. ஒருவர் குளித்த தண்ணீரை மூவருக்கு வகுத்தால் எந்த வீடும் ஆசிரமம்தான்.

அலுவலக மாடிப்படியில் நின்று மகளைக் கைபேசியில் அழைத்தார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும்...?"

"கல்லு மாதிரி இருக்கேன். வெள்ளிக்கிழமை நீயும் அம்மாவும் சும்மா ஒரு போட்டோவுக்கு வர முடியுமா?"

விஷயம் கேட்டுச் சிரித்தாள். "தண்ணிய மிச்சம் பிடிச்சதுக்குப் பரிசா? நாங்க இல்லாததாலதானேப்பா மிச்சம்!" சிரிப்பு நின்றது. "அம்மாகிட்ட கேக்கவா?"

"வேணாம்மா. கேக்காத."

நேரே இயக்குநர் அறைக்குப் போனார். "சார், என் வீட்ல மூணு பேர் இல்ல. ஒருத்தன்தான்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமாச்சு."

"சொல்லவே இல்லியேய்யா!"

"யாரும் கேக்கல சார்."

அறையில் சற்று நேரம் மனித வாடை அடித்தது. பிறகு இயக்குநரின் கண் திரைக்குப் போனது. ஒன்றால் வகுத்ததும் முதல் வீடு சரிந்து கடைசி வரிசையில் போய் விழுந்தது. ஒருவருக்கு ஒரு ஃபிரிட்ஜ், ஒருவருக்கு ஒரு கூடம், ஒருவருக்கு ஓர் அடுப்பு.

"அட, தனியா இருக்கறவன்தான் ஊருக்கே பாரம் போலிருக்கே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சமாளிக்க வேண்டுமே. "பேசாம ரெண்டு பேர வாடகைக்கு வெச்சுக்கய்யா. அடுத்த வருஷம் நீதான் முதல்."

கேலிக்குத்தான் சொன்னார். தசமம் மாலையில் வீட்டுக்குப் போனதும் மகளின் அறையைத் திறந்து நீள அகலம் அளந்தார். இரண்டு கட்டில் தாராளமாகக் கொள்ளும். கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். உள்ளே, மகள் இருந்த நாள்போல, விளக்கை மட்டும் எரியவிட்டார்.