தத்து வேண்டாத ராணி

வானகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குப் பிரசன்னா ஒரு நாடகம் எழுதியிருந்தான். வாரிசில்லாமல் செத்து, தன்னோடு வம்சத்தையே முடித்துக்கொண்ட ஒரு சிற்றரசனின் கதை. அவனே ராஜா, அவன் மனைவி அகல்யா ராணி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் இவர்களுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

ஒத்திகையில் எதிர்வீட்டு ஜெபாதான் வசனம் எடுத்துக்கொடுப்பாள். இடுப்பில் அவள் மகன் எழில், இரண்டு வயது. ஒருநாள் அவன் நழுவி இறங்கி, நேரே போய் ராஜாவின் மடியில் ஏறி, அட்டைக் கிரீடத்தைப் பிடித்து இழுத்தான். பிரசன்னா வசனத்தை மறந்தான்.

மந்திரி வேஷம் லோகநாதனுக்கு. கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர். "இன்னா மாமே, வாரிசு இல்லன்னு சொல்லிகினு இருந்தே, மடிலயே ஒண்ணு குந்திகினு கீதே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், பிரசன்னாவும்.

"இது நல்லாருக்கே. கடைசியில ராஜா ஒரு பிள்ளையத் தத்தெடுக்கிற மாதிரி மாத்திடலாமா?" என்றான், அகல்யாவைப் பார்க்காமல்.

"தாராளமா எடுத்துக்கோங்கண்ணா. ராத்திரி அழுதா மட்டும் திருப்பித் தரக் கூடாது" என்றாள் ஜெபா.

அகல்யா பிரசன்னாவின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் எச்சில் அதில் ஈரமாகப் பரவியிருந்தது. அவன் துடைக்கவில்லை. அவளுடைய தலைமுடி ஒன்று தோளில் கிடந்தால்கூட எடுத்துப் போடுகிறவன். ஒரு குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் பொறாமை குறையவில்லை.

"வாரிசு வந்துட்டா அவன் எப்படிக் கடைசி ராஜா ஆவான்?" என்றாள்.

நியாயமான கேள்வி. பிரசன்னா எழிலைக் கீழே இறக்கிவிட்டான்.

விழாவன்று ராஜா ராணியின் மடியில் தலைவைத்துச் சாகும் காட்சி. அவன் தலையின் கனம் முழுவதும் அவளிடம் இருந்தது. கண்கள் மட்டும் முன்வரிசையில், ஜெபாவின் தோளில் தூங்கும் எழிலிடம்.

"எனக்குப் பின் யாருமில்லை" என்றான். ஒத்திகையில் ஒருநாளும் அவன் குரல் இப்படி உடைந்ததில்லை.

அடுத்த வசனம் அகல்யாவுடையது. அவள் அதைச் சொல்லவில்லை. அவன் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் மறுபடி அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தான். அவள் விடவில்லை. ஒட்டுத்தாடி அவள் விரல்களோடு வந்தது.

நடிப்பென்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் எழில் விழித்து வீறிட்டான். செத்துக்கிடக்க வேண்டிய ராஜா சட்டென்று தலையைத் தூக்கப் போனான்.

அகல்யா இரண்டு கையாலும் அந்தத் தலையை அழுத்திக்கொண்டாள்.