சம்மதப் பாடம்

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் மாமியார். "இந்தத் தடவ மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க. எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்காத."

சின்ன மருமகள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாள். "ஐ ஆம் வில்லிங். நோபடி ஃபோர்ஸ்ட் மீ. ஹி ஈஸ் லைக் மை ஓன் பிரதர்."

எனக்குச் சம்மதம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் என் கூடப்பிறந்தவர் மாதிரி. அர்த்தத்தை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பித்து முடித்ததும் அவள் கை தானாக இடது விலாப்பக்கம் போயிற்று. கொஞ்ச நாளாகவே அந்தக் கைக்கு அங்கேதான் வேலை.

"கைய எடு. டாக்டர் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றான் கணவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனுடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. நல்ல மனிதர்தான், பாவம். டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசையிலும் பெயர் இருந்தது. வீட்டிலேயே யாராவது ஒன்று கொடுத்தால் சீக்கிரம் எழுந்து நடமாடலாம் என்றார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அண்ணன் மனைவிக்குச் சர்க்கரை என்று ஆஸ்பத்திரியே வேண்டாமென்றுவிட்டது. மிச்சம் இருந்தது கூடப்பிறந்த தம்பியும் தம்பி பெண்டாட்டியும். தம்பியைச் சோதிக்கலாமா என்ற பேச்சு எழுவதற்கு முன்னாலேயே மாமியார் அதை அமுக்கிவிட்டாள்.

"ஆம்பள உடம்பு. ஓடியாடி ஒழைக்கற உடம்புல கத்தி வைக்கலாமா?"

அந்த உடம்பு ஏசி போட்ட கடையில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற உடம்பு. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கிற உடம்பைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. மிக்ஸி, வாஷிங் மெஷின் மாதிரி அதுவும் வீட்டுக்கு வந்த சாமான். இருந்தால் உபயோகப்பட வேண்டாமா?

அவளுக்குப் பயம். மகளைப் பெற்றபோது வயிற்றைக் கிழித்தார்கள். தையல் சீழ் பிடித்து, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் காய்ச்சலில் கிடந்தாள். இப்போதும் டெட்டால் வாசனை பட்டால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ரத்தம் பொருந்திவிட்டது என்று தெரிந்த அன்று கணவனிடம் வாய்விட்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

"பயமா இருந்தா ஒங்கம்மா வீட்டுக்குப் போயிடு. கொழந்தய இங்க விட்டுட்டுப் போ."

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் அந்த வீட்டில் உச்சரிக்கவில்லை.

சிக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. உறுப்புக் கொடுப்பவரைத் தனியறையில், குடும்பத்தார் யாருமில்லாமல் பார்த்துப் பேசுவார்களாம். குடும்பம் பிழைக்க வந்த வெளிமாநிலம் அது, டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வைக்கிறோம் என்றார்கள். மாமியார் மகனைப் பார்த்தாள். தமிழ் பேசுகிறவள் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் இவள் வாயைக் கிளறாமல் விடுவாளா? கணவன் சட்டென்று, "என் மனைவிக்கு நன்றாகவே இங்கிலீஷ் வரும்" என்று அளந்துவிட்டான். கல்யாணமானதும் படிக்கப் போகட்டுமா என்று கேட்டவளை, படித்து எந்த ஆபீஸைத் தூக்கி நிறுத்தப் போகிறாய் என்று கேட்ட அதே வாய்தான்.

இப்படியாக, மாடி வீட்டுத் தமிழ்க்கார டீச்சர் டியூஷனுக்கு வந்தாள். மாணவியைவிட வயதில் சின்னவள்.

"மூணு வாக்கியம் போதும், மனப்பாடம் பண்ண வச்சுடுங்க," என்றான் கணவன்.

"குறுக்க ஒரு கேள்வி கேட்டா அக்கா முழிப்பாங்களே சார். அடியிலேருந்து வந்தாதான் நிக்கும்."

குறுக்குக் கேள்வி என்றதும் மாமியார் மிரண்டாள். அடியிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னாள். பாடம் நடக்கும்போதெல்லாம் முறத்தில் பூண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். ஐ ஆம், யூ ஆர், ஹி ஈஸ். பிறகு மீ, ஹிம், ஹர். ஐ ஆம் ஹங்ரி என்றால் எனக்குப் பசிக்கிறது. ஐ ஆம் டயர்ட் என்றால் களைப்பாக இருக்கிறது.

"களைப்பெல்லாம் எதுக்கும்மா இவளுக்கு?" என்றாள் மாமியார்.

"புக்குல வரிசையா இருக்கு பாட்டி."

அடுத்த பக்கத்தில் ஒரு படம். கட்டிலுக்கடியில் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தாள். டீச்சர் விரலை வைத்துக் காட்டினாள். "அஃப்ரெய்ட். பயம். நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்கக்கா."

பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது.

"ஷி ஈஸ் அஃப்ரெய்ட்," என்றாள் அவள், படத்தைப் பார்த்து. ஐ போட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. டீச்சர் ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அந்த அறைக் கதவில் மங்கல் கண்ணாடி பதித்திருந்தது. கதவு சாத்தியதும் கணவனின் நிழல் அதில் வந்து நின்றுகொண்டது. நரைத்த தலையுடன் ஒரு பெண் டாக்டர், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள். உனக்குச் சம்மதமா? அவள் மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சிரித்த முகமாக இருக்கவும் மறக்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "குட். ஹவ் டு யூ ஃபீல்?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. கண்ணாடியில் நிழல் அசைந்தது. கேட்டுவிடுவானோ? கேட்டால் குழந்தை? "ஐ ஆம்..." என்றாள். பசி வந்தது, களைப்பு வந்தது, இரண்டையும் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த சிறுமி வந்தாள்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்," என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். பிறகு விரலைக் கதவுப்பக்கம் நீட்டினாள். "மை ஹஸ்பெண்ட் ஈஸ் தேர்."

டாக்டர் கதவைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் ஃபைலை மூடினாள். ஆபரேஷன் இல்லை, உன் உடம்பு தோதுப்படாது என்று மட்டும் சொல்வோம், காரணம் இந்த அறையைத் தாண்டாது என்றாள். சொன்னதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே அவளுக்குப் போதும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவு திறக்குமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தோதுப்படாது என்று மகன் சொல்லக் கேட்டதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கும் ஒதவாத உடம்பு!"

டாக்டர் கணவன் பக்கம் திரும்பினாள். நீங்கள் கூடப்பிறந்த தம்பிதானே, பெரும்பாலும் பொருந்தும், விருப்பமிருந்தால் இன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றாள். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கடையில் பொளந்து கட்டுகிற இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, என் ரத்தத்த எடுத்துப் பாக்கணுங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா."

"வேணாம்டா கண்ணு," என்று மாமியார் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நீ ஏன் பயப்படற? ஒன்ன யாரும் கட்டாயப்படுத்தல. யாரும் கட்டாயப்படுத்தல."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று சின்ன மருமகளைக் கேட்டாள்.

அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் கை விலாப்பக்கம் போகவில்லை.

"ஹி ஈஸ் அஃப்ரெய்ட்," என்றாள். பிறகு நிதானமாக, "நோபடி ஃபோர்ஸ்ட் ஹிம்."

மாமியார் சடாரென்று தலையை நிமிர்த்தினாள். அத்தனை நாள் பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிந்தது.