நூற்றுக்குப் பதினொன்று

ராயபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பிலோமி, விசைப்படகின் அடியில் சுழலும் தண்டை ஒட்டிக் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம் செய்திருந்தாள். காசிமேட்டில் ஆறு படகுகளில் ஒரு வருஷமாக அது உழைத்துக்கொண்டிருந்தது. எல்லாப் படகுக்கும் செய்ய வார்ப்பு அச்சு வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். சிறுதொழில் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அலுவலகத்துக்கு எழுதினாள். 'தகுதியில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

2007. தகவல் உரிமைச் சட்டம் புதுசு. அதில் மனுப் போட்டு மதிப்பெண் தாளையே வாங்கிவிட்டாள். பட்டத்துக்கு முப்பது, வெளியிட்ட கட்டுரைகளுக்கு முப்பது, ஆய்வுக்கூடத்துக்கு இருபது, அறிக்கையின் அழகுக்குப் பதினைந்து. பொருள் வேலை செய்கிறதா என்பதற்கு மிச்சமிருந்த ஐந்து. அந்த ஐந்தையும் முழுதாகக் கொடுத்திருந்தார்கள், தாராள மனசுக்காரர்கள். அழகுக்கு ஆறு. மற்றதெல்லாம் சைபர். கீழே நிபுணர் குறிப்பு: 'இப்பொருளை இதற்குமுன் யாரும் ஆராய்ந்ததாக மேற்கோள் காட்டப்படவில்லை. எனவே புதுமை என ஏற்க இயலாது.'

"யாருமே செய்யலன்னா அதானே புச்சு? இன்னா பேஜாரா கீது!" என்றான் புருஷன் சவரிநாதன்.

"கெளம்புய்யா, நேர்ல கேப்போம்."

இயக்குநர் டீ வரவழைத்தார். குரலில் வெண்ணெய்.

"ஒரு வழி இருக்கும்மா. ஒரு பேராசிரியரை முதன்மை ஆய்வாளரா போடுங்க. உங்க பேரு உதவியாளர்னு வரும். இந்த வாரமே பாஸ்."

"அவரு போட்டுல ஏறியிருக்காரா சார்?"

"அது அவசியமில்லை. டாக்டர் பட்டம் இருக்கு."

சவரிநாதன் அவள் காதருகே குனிந்தான். "ஒத்துக்க பிலோமி. மீன்புடி தடைக்காலம் முடிய பதினெட்டு நாளுதான் கீது. போட்டுங்க கரையில நிக்கற இந்த நாளுல வளையத்த மாட்டினாதான் உண்டு. வுட்டா அடுத்த வருசம்."

"நான் செஞ்சதுக்கு நானே எடுபிடியா? சும்மா இருய்யா." அவள் இயக்குநரிடம் திரும்பினாள். "முடியாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க சார். 'பொருள் வேலை செய்யுது, செஞ்சவ பட்டம் வாங்கல, அதனால தள்ளுபடி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காரணம் சொல்லணும்னு சட்டத்துல கீது."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். மூடினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ மனுக்களைத் தள்ளியவர். ஏன் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

"எழுதினா என்ன பண்ணுவீங்க?"

"லேமினேஷன் பண்ணி, மீன் ஏலம் வுடற எடத்துல மாட்டுவேன்."

இயக்குநர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"சரி," என்றார் கடைசியில். "நிபுணர் குழு மறுமதிப்பீடு செய்யும். இதே அறையில."

"இங்க ஏது சார் கடலு? நாளைக்குக் காலைல காசிமேட்டுக்கு வரச் சொல்லுங்க. ரெண்டு போட்டு தண்ணியில நிக்குது. உள்ள எறங்கிப் பாத்துட்டு மார்க் போடட்டும்."

"அவங்கல்லாம் பெரியவங்கம்மா. படகுக்குள்ள எப்படி..."

"பேன்ட்ட மடிக்க வேணாம்னு சொல்லுங்க சார். நம்ம வளையம் போட்ட போட்டுல தண்ணி ஏறாது."

தேதியும் நேரமும் எழுதி முத்திரை விழும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.