காளியம்மாவுக்கு நான் எழுதிய முடிவுகள்

1

இந்தக் கதையை முதலில் தனியாகத்தான் எழுதினேன். அப்படி எழுதியபோது காளியம்மா செத்துப்போனாள். அவளைச் சாகவிடாமல் தடுத்தது, மலாயாவில் ஈப்போ நகரத்து ஷரபுதீன் ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடிய எங்கள் எழுத்தாளர் வட்டம். 1926-இல் வட்டத்தில் நான்கு பேர். அதில் ஒருவரைக் கண்ணால் பார்க்க முடியாது.

2

முதல் தொடக்கம்: "பனி இறங்கிய ஒரு காலையில், விதவை காளியம்மா கண்ணீர் மல்க—"

வேண்டாம். அவள் கண்ணீர் மல்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: நான் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே பால்மரம் வெட்டும் காளியம்மாவின் புருஷன் காய்ச்சலில் இறந்துபோனான். கங்காணி மாயாண்டி, குடிகாரனான தன் தம்பிக்கு அவளைக் கட்டிவைக்க நாள் குறித்தார். அவள் மாட்டேன் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

நான் அதைக் கதையாக்கி, கடைசியில் அவளைக் கிணற்றில் விழவைத்தேன்.

3

படித்து முடித்ததும் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றினார். யாழ்ப்பாணத்துக்காரர், தாட்சண்யம் பார்க்காதவர்.

"இது உம்மட மூண்டாவது கதை. மூண்டிலயும் பொம்பிளை கிணத்துக்கதான் விழுறாள். உங்கட தோட்டத்தில கிணறு இருக்கோ, காணும்?"

"இல்லை. ஆத்துத் தண்ணிதான்."

"ஆறு எவ்வளவு ஆழம்?"

"முழங்கால் அளவு."

ஷரபுதீன் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. (தனியாக எழுதுகிறவனுக்கு இந்தக் கோபம் வர வழியே இல்லை. எழுத்தாளர் வட்டத்தில் சேர்வதன் நன்மைகள் என்று கட்டுரை எழுதினால் இதைத்தான் முதலில் வைப்பேன். இரண்டாவது நன்மை இனிமேல் வருகிறது.)

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஷரபுதீனின் மனைவி பதுருன்னிசா, வட்டத்தின் நான்காவது ஆள். அதுவரை அவர் வாயே திறந்ததில்லை.

"அந்தப் பொண்ணு நெசமாவே இருக்காளா, வாத்தியாரே?"

"இருக்காங்க."

"கல்யாணம் என்னைக்கு?"

"அடுத்த வாரம், திங்கக்கெழமை."

"அப்புறம் என்னத்துக்குக் காகிதத்துல முடிவு தேடிக்கிட்டு இருக்கீங்க?"

4

ஷரபுதீன் கடையில் ரவிக்கை தைக்க ஆள் தேவைப்பட்டது. காளியம்மாவிடம் சொன்னேன்.

"எனக்குத் தைக்கத் தெரியாதே."

"கத்துக்கலாம்."

"கங்காணிக்குத் தெரிஞ்சா ஒங்க வேலையும் போயிரும்லா?"

"போகட்டும்" என்றேன்.

(என்று எழுத ஆசை. உண்மையில் ஒன்றும் பேசாமல் நின்றேன்.)

அவள்தான் முடிவு சொன்னாள்: "சரி, வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, சுங்காய் ஸ்டேஷன். ஷரபுதீனும் பதுருன்னிசாவும் முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பதுருன்னிசா தன் வெள்ளைத் துப்பட்டி ஒன்றைக் காளியம்மாவுக்குத் தலையும் முகமும் மறையப் போர்த்திவிட்டார். நால்வரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அப்போதுதான் மாயாண்டி ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, காளியம்மாவப் பாத்தீங்களா?"

"இல்லையே."

அவர் பார்வை எதிர் இருக்கைக்குப் போய் அங்கேயே நின்றது. பதுருன்னிசா சத்தமாகவே சொன்னார்: "என்னங்க, இந்த ஆளு பொம்பளைங்கள மொறச்சுப் பாக்குறாரு!"

ஷரபுதீன் எழுந்தார்.

"மன்னிச்சுக்கங்க பாய்" என்று மாயாண்டி நகர்ந்தார். வண்டி கிளம்பியது. துப்பட்டிக்குள் காளியம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

5

இதுவரை எழுதியதை வட்டத்தில் படித்தேன். கார்த்திகேசுவுக்கு ரயில் காட்சி நீளம். ஷரபுதீனுக்குத் தான் எழுந்து நின்ற இடம் போதவில்லை. முடிவு என்ன என்பதில் சண்டையே வந்தது.

தையல் கற்றுக்கொண்ட காளியம்மா அதற்குள் ஈப்போவை விட்டு வேறு ஊர் போய்விட்டாள். நானும் தோட்டத்து வேலையை விட்டுவிட்டேன். எல்லார் பெயரையும் மாற்றியாயிற்று, கடையின் பெயரையும்தான். அவள் இப்போது எங்கே —

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். இந்தக் கதை பத்திரிகையில் வரப்போகிறது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பத்திரிகையை ஒருவர் படித்தால் பத்துப் பேர் கேட்கிறார்கள். மாயாண்டியும் கேட்பார். வாசகரே, ஊரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: சித்தியவான், பீடோர், எதுவானாலும் சரி. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவள் புறப்பட்ட அன்று, கதையை எப்படி முடிக்கலாம் என்று அவளிடமே கேட்டேன்.

"இப்பவே எதுக்கு முடிக்கிறீங்க?" என்றாள். "எனக்கு இருபத்தி மூணு வயசுதானே ஆவுது."